கறுப்பிக்குப் போட்ட ஊசி

அல்பெர்கேரியா, பலேர்மோ, இத்தாலி
11.02.2024

யேசு மரி சூசை துணை

அன்புள்ள யூலியானாவுக்கு மச்சாள் செலஸ்ரீனா எழுதுவது. நான் இஞ்சை இருக்கிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நீரும் மகன் வலன்ரைனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஷெல் விழுந்து உமக்குக் காது போனதை நினைத்து முந்தி அழுவேன். இப்போது மற்ற ஆட்களோடு போனில் கதைக்கத் தொடங்கினால் நாலு சொல்லுக்குள் போனை வைத்துவிடுகிறேன். உமக்கு என்றால் எழுதலாம். அழுகை வந்தால் பேனையை வைத்துவிட்டு முகம் கழுவி வரலாம்.

உம்முடைய அண்ணாவின் முப்பத்தோராம் நாள் போன ஞாயிறு முடிந்தது. கோயில் நிறைந்த சனம். பூசைக்குப் பிறகு சாப்பாடு. இஞ்சை ஆர் வீட்டு விசேஷம் என்றாலும் மாட்டிறைச்சிக் கறி அவர்தான் காய்ச்சுவார் என்பது உமக்குத் தெரியும். றோபேட்டின் கறி என்றால் பகேரியாவில் இருந்தும் ரயிலேறி வருவார்கள். அவருடைய நாளுக்கு நானே காய்ச்சுவேன் என்று அடம்பிடித்தேன். பல்லறோச் சந்தையில் அவர் வாங்குகிற தொத்தோவின் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாத்திலும் வடிவாய்க் கிடந்த இறைச்சியைக் காட்டினேன். ரோசாப்பூ நிறம். ஒரு சொட்டுக் கொழுப்பில்லை, சவ்வில்லை. தொத்தோ ஏதோ சொல்ல வந்தான். நான் காதில் வாங்கவில்லை. அவருடைய நாளுக்குக் கழிவு இறைச்சியா வாங்குவது?

அவர் செய்வது போலத்தான் எல்லாம் செய்தேன். வடிவாய்க் கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, வறுத்த தூள், றம்பை இலை, மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பு. மூடியைத் திறந்தால் துண்டெல்லாம் பாதியாய்ச் சுருங்கிக் கிடக்கிறது. குழம்பு தண்ணீராய் நிற்கிறது. வாயில் வைத்தால் பஞ்சு. சனம் இறைச்சியைச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கியது. கோயிலில் என்னோடு நிற்கிற கிளறா, "அக்கா, பருப்பு நல்லாயிருக்கு" என்றாள். விளங்கும்தானே.

அவர் போகும்போது ருசியையும் கொண்டு போய்விட்டார். என்னில் ஏதும் மனக்குறையோடுதான் போனாரோ தெரியாது. ஆண்டு நினைவுக்கும் நான்தான் காய்ச்சுவேன். அதுவும் பிழைத்தால் அவருடைய சட்டியை ஆரிடமாவது கொடுத்துவிடுவேன்.

நிற்க, கறுப்பி எப்படி? போன முறை அங்கே வந்தபோது அவர் வாங்கி விட்ட கன்று. ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், "கறுப்பி வளந்திட்டாளோ?" என்றுதான் கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் விட்டுப்போனதில் மூச்சுவிடுகிறது அவள் ஒருத்திதான். கவனமாய்ப் பாரும்.

என்றும் உங்கள் நினைவோடு,
றோபேட்டின் செலஸ்ரீனா

*

அடம்பன், மன்னார்
06.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு யூலியானா எழுதுவது. உங்கள் கடிதம் ஞாயிறு பூசையால் வரக் கிடைத்தது. நாங்கள் சுகம். உங்களுக்கு ஆண்டவர் தேறுதல் தரவேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன்.

அண்ணா உங்களில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னிடம் வந்து நின்ற நாளெல்லாம் "செலஸ்ரீனா, செலஸ்ரீனா" என்றுதான் அவருடைய வாய் அசைந்தது. காது கேளாதவளுக்கும் அது தெரியும். இறைச்சியில்தான் ஏதோ இருக்கிறது.

கறுப்பி நல்லாயிருக்கிறாள். சின்ன உடம்பு, பெரிய கண். காளைக்கு நிற்கிற பருவம். வலன்ரைன் இப்போது ஒரு கதை வைத்திருக்கிறான். போனில் பெல்ஜியம் நாட்டு மாடு ஒன்றைக் காட்டினான். மச்சாள், அது மாடா, றோட்டுப் போடுகிற கல்லுருட்டியா? பின்பக்கம் இரண்டு பலாப்பழத்தை வைத்துத் தைத்தது போல இருக்கிறது. "அம்மா, கொழுப்பே இல்லை, முழுக்க இறைச்சி" என்று எழுதிக் காட்டினான். அந்த இனத்துச் சினை ஊசி கொண்டுவருகிற ஆள் ஒருத்தர் அடுத்த கிழமை இந்தப் பக்கம் வருகிறாராம். கறுப்பிக்குப் போடப்போகிறானாம். உங்கள் பக்கம் அந்த இறைச்சி விற்கும், மாமியிடம் கேள் என்கிறான். அது நல்ல இறைச்சியோ, நல்ல மாடோ, விசாரித்து எழுதுங்கள்.

குளிருக்குக் காலுறை போடுங்கள்.

அன்பு மச்சாள்,
யூலியானா

*

பலேர்மோ
07.04.2024

அன்புள்ள யூலியானாவுக்கு, உயிர்த்த ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். எனக்குக் கால் நோவு கொஞ்சம் குறைவு.

உம்முடைய கடிதம் பெரிய வியாழனன்று வந்தது. பெருநாள் முடிந்து கடை திறந்த உடனே தொத்தோவிடம் போனேன். அண்டைக்கு நான் வாங்கினது என்ன இறைச்சி என்று கேட்டேன். அவன் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான். இத்தாலிக் கதையை எங்கள் கதையில் எழுதுகிறேன்.

"சிஞ்ஞோரா, அண்டைக்கே சொல்ல வந்தனான், நீங்கள் கேட்டால்தானே! அது பெல்ஜியம் மாடு. சதைக்காகவே பரம்பரை பரம்பரையாத் தெரிஞ்செடுத்து வளத்தது. தின்னுறதெல்லாம் சதைக்குத்தான் போகும். மெல்லிசா வெட்டி, சூட்டுக் கல்லிலை ரெண்டு பக்கமும் காட்டி எடுத்தால் பூப்போல இருக்கும். பொலிதேயாமாப் பணக்காரத் தெருவிலை மெலியப் பாக்கிற பெண்டுகள் அதைத்தான் கேக்கிறவை. மூண்டு மணித்தியாலம் அவிய அதுக்குள்ளை என்ன இருக்கு? கொழுப்பில்லை, சவ்வுமில்லை. உள்ளுக்கு நிக்கிற தண்ணி வெளியிலை போனால் மிச்சம் பஞ்சுதான்."

"அப்ப என்ரை மனுசன் என்ன வாங்கினவர்?"

"றொபேர்த்தோவோ? அவன் இதைத் திரும்பியும் பாக்கமாட்டான். இஞ்சத்தைக் கறுத்த மாடு, மலையிலை ஏறி இறங்கி மேஞ்ச கிழட்டுப் பசு, அதிலை கால்துண்டு. கருஞ்சிவப்பு, மஞ்சள் கொழுப்பு, நடுவிலை வெள்ளைச் சவ்வு. பாத்தால் வடிவில்லை. அந்தச் சவ்வு கரைஞ்சுதான் குழம்பு தடிக்கும். ருசி கொழுப்பிலையும் மேய்ச்சலிலையும் இருக்கு."

யூலியானா, நான் அந்தக் கடையில் நின்று அழுதேன். தொத்தோ முக்காலி தந்தான். வரிசையில் நின்றவர்கள் இறைச்சிக்கு விலை கூடிப்போச்சாக்கும் என்று நினைத்திருப்பார்கள். அவருக்கு என்னில் கோபமில்லை. நான் வடிவைப் பார்த்து வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

பிறகு உம்முடைய ஞாபகம் வந்து, அந்த மாடுகள் எப்படிக் கன்று போடும் என்று கேட்டேன். தொத்தோ தன் விலாவில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "அந்த இனத்திலை கிட்டத்தட்ட எல்லாம் கத்திதான். கன்று பெரிசு, வாசல் சின்னன். அங்கை பண்ணைக்கு வைத்தியர் வந்து வெட்டி எடுப்பார்."

கறுப்பி வலன்ரைனின் இடுப்புக்குத்தானே நிற்கிறாள். கத்தி வைக்க ஆளில்லாத இடத்தில் பெரிய பிள்ளையை

வேண்டாம். அந்த ஊசி வேண்டாம். ஊர்க் காளைக்கு விடுங்கள்.

றோபேட்டின் செலஸ்ரீனா

*

பலேர்மோ
02.06.2024

அன்புள்ள யூலியானாவுக்கு, நலம், நலமறிய ஆவல். பெருநாளுக்குப் பிறகு எழுதினேன். இன்னும் உம்முடைய பதில் இல்லை. கிளறாவின் தமையனுக்கு மன்னாரில் இருந்து பத்து நாளில் கடிதம் வந்திருக்கிறது. ஆகையால் தபாலில் பிழையில்லை.

நீர் எழுதாமல் இருப்பது எனக்குப் பாதி பதில். மிச்சப் பாதியையும் எழுதும்.

செலஸ்ரீனா

*

அடம்பன்
20.06.2024

அன்புள்ள மச்சாளுக்கு, உங்கள் இரண்டு கடிதமும் என் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. உங்கள் சுகத்துக்காக மன்றாடுகிறேன்.

முதலாவது வந்தபோது ஊசி போட்டு ஒரு மாதத்துக்கு மேல். மார்ச்சிலேயே போட்டுவிட்டார்கள். மாமியின் பதில் வரட்டும் என்று சொன்னேன். வருகிற ஆள் திரும்ப வரமாட்டார் என்றான் வலன்ரைன். இப்போது சினை பிடித்துவிட்டது. மார்கழியில் கன்று போடுவாள்.

இதை எழுதப் பேனை எடுத்து எடுத்து வைத்தேன். நீங்கள் "பெரிய பிள்ளையை" என்று எழுதி நிறுத்தியிருந்தீர்கள். மிச்சத்தை நான் வாசித்தேன், மச்சாள். அந்த அறையில் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான்தானே.

வலன்ரைனுக்கு அது தெரியாது. கூப்பிட்டு எழுதிக் காட்டினேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் பாதை பூட்டினபடியால் மாமியை மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, இரண்டு நாள் நோவு, பெரிய ஆண் பிள்ளை, தங்கவில்லை, மாமி பிழைத்ததே புதுமை என்று. வாசித்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனவன், சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நான் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கோபிக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

யூலியானா

*

பலேர்மோ
20.07.2024

அன்புள்ள யூலியானாவுக்கு, எனக்கு ஒருவரிலும் கோபமில்லை. வெக்கை தாங்க முடியவில்லை, மற்றபடி சுகம்.

அழுது பிரயோசனமில்லை. தொத்தோவுக்கு மாடு கொடுக்கிற மலைக்காரர் ஒருவரை அவன் போனில் பிடித்துத் தந்தான். அவர் சொன்னதைக் கவனமாய்க் கேளும். கடைசி மாதங்களில் தவிடும் புண்ணாக்கும் கொட்டிக் கொழுக்கவைக்க வேண்டாம். புல்லும் நடையும் போதும். மிருக வைத்தியரை நோவு வந்தபிறகு தேட வேண்டாம், இப்போதே போய்ச் சொல்லி வையுங்கள். நோவு தொடங்கி நேரம் போனால் கயிறு கட்டி இழுக்க ஒருவரையும் விட வேண்டாம். பாதிக் கலப்பு என்றபடியால் சிலவேளை தானாகவும் போடுமாம். சிலவேளையை நம்பி இருக்க வேண்டாம்.

இந்த ஊர்ப் புனிதை ரோசாலியா அம்மாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று நேர்த்தி வைத்திருக்கிறேன். "ஆருக்காக அக்கா, உந்த முழங்காலோடை?" என்று கிளறா கேட்டாள். "ஒரு பசுவுக்கு" என்றேன். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று கோயிலில் கதை.

அந்தப் பழைய கதையை இத்தனை வருஷம் நாங்கள் கதைக்கவில்லை. இப்போதும் வேண்டாம். வலன்ரைனோடு கதையும். அவன் கழுதைதான், ஆனால் எங்கள் கழுதை.

றோபேட்டின் செலஸ்ரீனா

*

அடம்பன்
25.08.2024

அன்புள்ள மாமிக்கு மருமகன் வலன்ரைன் எழுதுவது. நலம். உங்கள் முழங்கால் எப்படி?

எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. அம்மா பேனையைத் தந்துவிட்டு முன்னுக்கு இருக்கிறா. இரண்டு மாதம் எனக்குச் சோறு போட்டா, முகம் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று, "கழுதை" என்று எழுதி நீட்டினா. எனக்குச் சந்தோசமாயிருந்தது.

மிருக வைத்தியரிடம் போனேன், மாமி. கறுப்பியை வந்து பார்த்தார். "உந்தச் சின்ன மாட்டுக்கோ போட்டனீ? ஊசியை உனக்கெல்லோ போட்டிருக்கவேணும்!" என்று றோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கப் பேசினார். பிறகு தன்னுடைய நம்பரைக் கொட்டில் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனார். எந்த நேரமும் எடுக்கச் சொன்னார்.

நான் போனில் மாட்டின் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். அது கன்று போடுகிறதை ஒருவரும் படம் பிடித்துப் போடவில்லை. மாமா விட்ட மாடு. பயமாயிருக்கிறது.

மாமி, பாதை இப்போது தார் போட்ட காப்பற் றோட்டு. மன்னாரில் இருந்து அரை மணித்தியாலம். ஒருவரும் பூட்டமாட்டார்கள்.

மன்னிப்போடு,
வலன்ரைன்

*

பலேர்மோ
03.11.2024

அன்புள்ள யூலியானாவுக்கு, மரித்தவர்கள் எல்லாருக்கும் இளைப்பாற்றி கிடைக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் சுகமென்று நம்புகிறேன். மலை ஏறி இறங்கிவிட்டேன். கால் வீங்கி வற்றிவிட்டது.

ஆண்டு நினைவுக்குப் பழகுகிறேன். தொத்தோ கறுத்த பசுவின் கால்துண்டு தருகிறான். முதல் ஞாயிறு அவசரப்பட்டு இறக்கிவிட்டேன், செருப்புத்தோல். அடுத்த ஞாயிறு பொறுத்தேன். சவ்வு கண்ணாடி மாதிரி இளகி, குழம்பு விரலில் ஒட்டியது. மேலே மஞ்சள் எண்ணெய் மிதந்தது. ஒரு வாய் வைத்தேன். மேசைக்கு எதிரே அவர் இருப்பது போல இருந்தது. எழும்பி இன்னொரு கோப்பை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

நேற்று இஞ்சை மரித்தோர் திருநாள். இந்த ஊரில் அன்றைக்குச் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சாமான் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது வழக்கம். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் பேரப்பிள்ளைகள் விடிய எழும்பி, "நொன்னோ கொண்டு வந்தவர்" என்று சீனிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நொன்னோ என்றால் தாத்தா. போன வருஷம் செத்தவர். ஒருவரும் அழவில்லை.

வருகிற வழியில் நானும் ஒரு சீனிக் குதிரை வாங்கினேன். "ஆருக்கு? பேர் எழுதித் தாறன்" என்றாள் கடைக்காரி. எழுதாமலே தா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதைக்க வேண்டாம் என்று எழுதினவள் நானேதான். இப்போது நானே கேட்கிறேன். தொண்ணூறில் பிள்ளை வரும்போது எனக்கு நினைவு தப்பிவிட்டது. முழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உம்முடைய அண்ணாவைக் கேட்டேன், முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்கவில்லை. ஆண்டுப் பூசைக்குப் பங்குச் சுவாமியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு பெயரா, இரண்டு பெயரா?

அவனுக்கு மூச்சு இருந்ததா? ஆரும் ஞானஸ்நானத் தண்ணீர் வார்த்தார்களா?

செலஸ்ரீனா

*

அடம்பன்
27.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு, பாலன் பிறப்பின் சமாதானம் உங்களோடு. இந்தக் கடிதத்தையும் வறுத்த தூளையும் ஏர்னஸ்ற் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். லீவு முடிந்து பலேர்மோவுக்குத் திரும்புகிறார். தபாலை நம்பினால் பூசைக்குப் பிந்திவிடும்.

முதலில் கறுப்பி. இருபதாம் திகதி விடிய நோவு தொடங்கியது. காலிரண்டும் தெரிந்தது, தலை வரவில்லை. பக்கத்து ஆட்கள் கயிற்றோடு வந்துவிட்டார்கள். வலன்ரைன் கொட்டில் வாசலில் மண்வெட்டியோடு நின்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விறைப்பு ஊசி போட்டு, நின்றபடியே விலாவில் வெட்டினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, மச்சாள். அவள் என் கைக்குள் மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. அன்று உங்கள் தலையைப் பிடித்தது போலவே பிடித்துக்கொண்டேன்.

காளைக் கன்று. தாயில் பாதி. நாக்குத் தடித்துப் பால் குடிக்க மாட்டாமல் கிடந்தது, போத்தலில் கொடுத்தோம். இப்போது தானாகக் குடிக்கிறது. கறுப்பி தையலோடு புல் தின்கிறாள். இரண்டு உயிரும் இருக்கின்றன. பாதை திறந்திருந்தது, அதுதான்.

இனி நீங்கள் கேட்டது. எனக்கு அப்போது பதினேழு வயது, காதும் கேட்கும். பிள்ளை மூச்சோடுதான் வந்தான். அழவில்லை, ஆனால் வயிறு ஏறி இறங்கியது. சுவாமி இல்லை, அண்ணாவையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை. ஞானோபதேசத்தில் படித்தது ஞாபகம் வந்தது. உங்களுக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவன் தலையில் மூன்று தரம் வார்த்தேன். சரியாகச் சொன்னேன், ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. நெற்றியால் வழிந்த தண்ணீருக்குக் கண்ணைத் திறந்தான். பிறகு அண்ணாவின் கையிலேயே உயிர் விட்டான்.

பேர் என்ன என்று கேட்காதீர்கள். மாதக்கணக்காய் வயிற்றைத் தடவித் தடவி என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீர்களோ, அதே பேர்தான்.

சுவாமியிடம் இரண்டு பெயரும் கொடுங்கள்.

யூலியானா

*

பலேர்மோ
07.01.2025

யேசு மரி சூசை துணை

அன்புள்ள யூலியானாவுக்கு, நான் சுகம். இது பழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை. நீரும் வலன்ரைனும் கறுப்பியும் கன்றும் சுகமாயிருங்கள்.

ஏர்னஸ்ற் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தந்தார். வாசித்துவிட்டு நேரே சுவாமியின் வீட்டுக்குப் போனேன்.

முதலில் ஞாயிறு ஆண்டு நினைவுக் கறியைச் சொல்லிவிடுகிறேன். தொத்தோ கறுத்த பசுவின் இரண்டு முன்னங்காலும் எடுத்து வைத்திருந்தான். உம்முடைய தூள் போட்டேன். கோயில் மண்டபத்துக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதே தெருவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பகேரியா ஜெயரட்ணம் மூன்றாம் தரமும் கோப்பையோடு வந்தார். "றோபேட் செத்தும் விடமாட்டான் போலை, வயித்திலை இடமில்லை!" என்றார். கிளறா பருப்பைப் பற்றி மூச்சும் விடவில்லை. கடைசியில் வந்த இரண்டு பேருக்குக் குழம்பு மட்டும்தான். சட்டி என்னிடமே இருக்கட்டும்.

இனிப் பூசை. சுவாமி பெயர்களை வாசித்தார். "றோபேட். விமலராஜ்." கோயில் நடுவில் நின்று அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டேன். கிளறா முழங்கையால் இடித்தாள்.

"ஆரக்கா விமலராஜ்?"

"என்ரை மகன்."

அவள் என் கையைப் பிடித்தாள். பூசை முடியும்வரை விடவில்லை.

வலன்ரைனுக்குச் சொல்லும். கன்றை அவன் வளர்க்கட்டும், விற்கட்டும், அது இறைச்சி மாடுதான், நான் குறுக்கே நிற்கமாட்டேன். வாங்குகிறவர்களிடம் மூன்று மணித்தியாலம் அவிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொல்லும். கறுப்பிக்கு இனி ஊர்க் காளை. அவளுடைய உடம்புக்கு அளவான கன்று.

சீனிக் குதிரை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன். திருநாள் முடிந்து இரண்டு மாதம் என்று கடைக்காரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெயர் எழுதித் தந்தாள்.

இப்படிக்கு,
விமலராஜின் அம்மா
செலஸ்ரீனா